உலக்கை எந்த நாளில் நிற்கும்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, ஏதோ ஒரு பந்தயத்தைத் தீர்த்து வைக்கச் சொல்லிக் கேட்கின்றன. டீக்கடையில், கல்யாண மண்டபத்துப் பந்தியில், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என்று எங்கே பார்த்தாலும் அறிவியல் பேச்சுதான். எனக்கு இதில் மகிழ்ச்சி. நிலாவைப் பற்றியும் சூரியனைப் பற்றியும் சண்டை போட்டுக்கொள்ள ஒரு ஊருக்கு நேரம் இருக்கிறதென்றால் அது நல்ல ஊர்.

திருநள்ளாறு கோயிலுக்கு மேலே வரும்போது நாசா செயற்கைக்கோள் மூன்று நொடி நின்றுவிடுகிறது என்று எங்கள் குழுவில் பெரியப்பா போட்டிருக்கிறார். பொய் என்றால் கோபித்துக்கொள்வார். என்ன செய்வது?
– வாசகி, சின்னாளபட்டி

பொய் என்று சொல்லாதீர்கள், ஒரு கணக்குச் சொல்லுங்கள். பூமிக்கு அருகே சுற்றும் செயற்கைக்கோள் நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் ஓடுகிறது. திண்டுக்கல்லில் பஸ் ஏறிப் பழனி போக நமக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. அதற்கு எட்டு நொடி போதும். அந்த ஓட்டம்தான் அதைக் கீழே விழாமல் காக்கிறது. சொம்பில் தண்ணீர் நிரப்பி, கயிறு கட்டித் தலைக்கு மேல் சுழற்றிய வயது பெரியப்பாவுக்கும் இருந்திருக்கும். சுழற்றும் வரை ஒரு சொட்டுச் சிந்தாது. கை நின்றால் தலை நனையும். செயற்கைக்கோளும் அப்படித்தான். நின்று ஆள் ஏற்றிக்கொண்டு மறுபடி கிளம்ப அது டவுன் பஸ் இல்லை. நாசா இப்படி எதையும் அறிவித்ததும் இல்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாறில் கூடும் லட்சக்கணக்கான பேர் நாசாவைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. நளன் குளித்த தீர்த்தத்துக்கு அமெரிக்கச் சான்றிதழ் எதற்கு? ஆனால் இதைக் குழுவில் எழுதாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய், பெரியம்மா கையால் காபி வாங்கிக் குடித்துக்கொண்டே சொல்லுங்கள். நாற்பது பேர் பார்க்கத் தோற்றவர் யாரும் மனம் மாறியதை நான் பார்த்ததில்லை.

தண்ணீரில் ஓடும் பைக்கை ஒருவர் கண்டுபிடித்துவிட்டாராம். எண்ணெய் கம்பெனிகள் மறைக்கின்றன என்கிறான் நண்பன். பிரியாணி பந்தயம் கட்டியிருக்கிறோம்.
– வாசகர், பழனி சாலை

பிரியாணி உங்களுக்குத்தான். தண்ணீர் என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன். அடுப்புச் சாம்பலை மறுபடி அடுப்பில் போட்டு யாரும் சோறு பொங்கியதில்லை. தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கலாம். எடுக்கச் செலவாகும் சக்தி, எரிக்கும்போது கிடைக்கும் சக்தியைவிட எப்போதும் கூடுதல்.

நம் பக்கமே இதைப் பார்த்திருக்கிறது. 1996இல் ராஜபாளையம் பக்கத்து ராமர் பிள்ளை, மூலிகையும் தண்ணீரும் சேர்த்துப் பெட்ரோல் செய்வதாகச் சொன்னபோது நாடே திரும்பிப் பார்த்தது. பள்ளிக்கூடம் அதிகம் போகாத ஒரு கிராமத்து இளைஞர் உலகத்தை வென்றுவிட வேண்டும் என்ற ஆசை நம் எல்லோருக்கும் இருந்தது. அந்த ஆசையில் தவறே இல்லை. ஆனால் கட்டுப்பாடான சோதனையில் அந்தப் பெட்ரோல் தேறவில்லை. ஆசைக்கு மதிப்பெண் போட இயற்கைக்குத் தெரியாது. நண்பனிடம் சீரக சம்பாவே கேளுங்கள்.

டிஷ்யூ கல்ச்சர் வாழை என்றால் மரபணு மாற்றியது, உடம்புக்கு ஆகாது என்கிறார்களே?
– விவசாயி, ஒட்டன்சத்திரம்

இரண்டும் வேறு வேறு. நாம் சாப்பிடும் வாழைக்கு விதை கிடையாது. பக்கக் கன்றைப் பிரித்துத்தான் பாட்டன் காலத்திலிருந்து நடுகிறோம். ஒவ்வொரு கன்றும் தாயின் அச்சு. டிஷ்யூ கல்ச்சரில் குருத்து நுனியைக் கிள்ளி, கண்ணாடிப் புட்டியில் ஊட்டம் கொடுத்து, ஒன்றை நூறாக்குகிறார்கள். மரபணுவில் யாரும் கை வைப்பதில்லை.

அதோடு நம் திண்டுக்கல் மாவட்டம் அந்தப் புட்டிக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறது. சிறுமலையிலும் கீழ்ப்பழனி மலையிலும் விருப்பாச்சி வாழையை முடிக்கொத்து நோய் வாரிக்கொண்டு போனது. இலைகள் உச்சியில் கொத்தாகக் குறுகி நிற்கும், தார் வராது. வைரஸ் நோய், அசுவினிப் பூச்சி பரப்பும். கொடுமை என்னவென்றால், நோய்ப்பட்ட தாயிடமிருந்து பிரித்த கன்றிலும் அதே வைரஸ் இருக்கும். பார்க்கத் தெளிவாக இருக்கும் கன்றை வாங்கி நட்டு, தோட்டத்தையே இழந்தவர்கள் உண்டு. வைரஸ் இல்லாத கன்றைச் சோதனைக்கூடத்தில்தான் உருவாக்க முடிந்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அப்படித்தான் விருப்பாச்சியை மலைக்குத் திருப்பிக் கொண்டுவந்தது. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு உரிய பழம் அதுதான். ஆகவே நர்சரிக்காரரிடம் நீங்கள் கேட்க வேண்டியது, “மரபணு மாற்றியதா?” என்பதல்ல. “வைரஸ் சோதனை செய்த சான்று இருக்கிறதா?” என்று கேளுங்கள். சான்று இல்லாமல் ஒரு கன்றுகூட வாங்காதீர்கள்.

ஆன்லைன் மோசடி எப்படி நடக்கிறது என்று டிவியில் விலாவாரியாகக் காட்டுகிறார்கள். திருடனுக்குப் பாடம் எடுப்பதுபோல் இல்லையா? நாங்கள் பூட்டுத் தொழில் குடும்பம். உள்வேலையை வெளியே சொல்ல மாட்டோம்.
– வாசகர், நாகல் நகர்

உங்கள் தொழிலிலேயே இந்த வழக்குக்கு 1851இல் தீர்ப்பு வந்துவிட்டது. லண்டனில் பிராமா என்ற கம்பெனி, எங்கள் பூட்டைச் சாவியில்லாமல் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று எழுதிக் கடை ஜன்னலில் ஒரு பூட்டை மாட்டியிருந்தது. அறுபது ஆண்டுக்கு மேல் அது அசையவில்லை. அந்த ஆண்டு உலகக் கண்காட்சிக்கு வந்த அமெரிக்கப் பூட்டுக்காரர் ஆல்ஃபிரட் ஹாப்ஸ், முதலில் சப் என்ற புகழ்பெற்ற பூட்டை அரை மணிக்குள் திறந்தார். பிறகு பிராமாவோடு உட்கார்ந்து, பதினாறு நாளில் மொத்தம் 51 மணி நேரம் செலவழித்து அதையும் திறந்தார்.

லண்டன் கொதித்தது. இதை ஊரறியச் செய்யலாமா என்று உங்களைப் போலவேதான் கேட்டார்கள். திருடர்களுக்கு இது எப்போதோ தெரியும், தெரியாமல் இருப்பது வீட்டுக்காரர்களுக்கு மட்டும்தான் என்பது ஹாப்ஸின் வாதம். அதற்குப் பிறகுதான் பூட்டுகள் இன்னும் உறுதியாயின. 1883இல் கெர்க்காஃப்ஸ் என்பவர் சங்கேத எழுத்துக்கும் இதையே விதியாக எழுதினார்: பொறி எதிரிக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை, சாவி மட்டும் ரகசியமாக இருக்க வேண்டும். இன்று உங்கள் செல்போனில் நடக்கும் வங்கிப் பரிமாற்றம் அந்த விதியில்தான் நிற்கிறது. ஓ.டி.பி. என்பது சாவி. மாங்காய்ப் பூட்டின் சாவியை வழிப்போக்கன் கேட்டால் கொடுப்பீர்களா? வீடியோ காலில் போலீஸ் சட்டை போட்டுக்கொண்டு “டிஜிட்டல் கைது” என்று மிரட்டினால், அப்படி ஒரு கைதே இந்தியச் சட்டத்தில் இல்லை. பணம் போய்விட்டால் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள். இதை டிவி இன்னும் விலாவாரியாகச் சொல்லட்டும்.

அடுத்த மாதம் 12ஆம் தேதி சூரியப் புயல் வந்து இன்டர்நெட் போய்விடுமாமே?
– மாணவி, ஆத்தூர்

தேதி போட்டிருப்பதே அது புரளி என்பதற்குச் சாட்சி. சூரியனிலிருந்து கிளம்பும் புயல் ஒன்று முதல் மூன்று நாளில் இங்கே வந்துவிடும். கிளம்பிய பிறகுதான் வருவது தெரியும். மாதத்துக்கு முன்னால் தேதி குறிக்க முடியாது.

புயல் மட்டும் நிஜம். 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக்கில் அறுபது லட்சம் பேருக்கு ஒன்பது மணி நேரம் மின்சாரம் இல்லை. 2022 பிப்ரவரியில் ஸ்டார்லிங்க் ஏவிய 49 செயற்கைக்கோள்களில் நாற்பதுக்குக் கிட்ட விழுந்துபோயின. 2024 மே மாதம் வந்த பெரும் புயலில் லடாக்கின் ஹன்லேயில் வானம் சிவந்தது. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு அருகில் இருக்கும் நமக்கு ஆபத்து குறைவு.

நீங்கள் ஆத்தூரிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரியும் மலைக்கு மேலேதான் இதையெல்லாம் கவனிக்கும் வீடு இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899இல் நிறுவப்பட்டது. சென்னை மாகாணத்தைத் தின்ற 1876–78 பஞ்சத்துக்குப் பின், சூரியனுக்கும் மழைக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கத் தோன்றிய எண்ணத்தின் வழியே வந்த கூடம் அது. 1904 முதல் சூரியனைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் ஜான் எவர்ஷெட் அங்கேதான் கண்டார். உலகப் பாடநூல்களில் அது எவர்ஷெட் விளைவு. கொடைக்குப் போகிறவர்கள் ஏரியில் படகு விட்டு, சாக்லேட் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். அடுத்த முறை ஆய்வகத்தின் வாசலையும் மிதியுங்கள்.

செய்தி உண்மையா என்று உடனே தெரிந்துகொள்ள ஒரே வழி?
– வாசகர், நத்தம்

எவ்வளவு, எப்போது, யார் அளந்தார்? மூன்றுக்கும் பதில் இல்லாததை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

தேனி நியூட்ரினோ திட்டத்தை ஆதரித்தவர்கள் எதிர்த்தவர்களை அறிவிலிகள் என்றார்கள். எதிர்த்தவர்கள் ஆதரித்தவர்களைத் துரோகிகள் என்றார்கள். நீங்கள் எந்தப் பக்கம்?
– ஆசிரியர், வத்தலக்குண்டு

இரண்டு வசவுக்கும் எதிர்ப்பக்கம்.

முதலில் துகள். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் உங்கள் கட்டைவிரல் நகத்தின் வழியே ஒவ்வொரு நொடியும் சுமார் 6,500 கோடி புகுந்து போகின்றன. இரவிலும் போகின்றன, பூமியைத் துளைத்துக்கொண்டு வந்து. ஆதிமுதல் இன்றுவரை யாருக்கும் அதனால் ஒரு தும்மல்கூட வந்ததில்லை. தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரத்தில் அவற்றைப் பிறப்பிக்கத் திட்டமில்லை, 50,000 டன் இரும்புக் காந்தத்தை வைத்துப் பிடிக்கத்தான் திட்டமிட்டார்கள். மற்ற கதிர்கள் வந்து கலைக்காமல் இருக்கத்தான் மலைக்கு அடியில் இடம் தேடினார்கள். கோலார் தங்கவயல் சுரங்கத்தில் 1965இலேயே, காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை உலகில் முதன்முதலாகக் கண்டவர்களில் இந்தியர்கள் உண்டு. நியூட்ரினோ நம்மைச் சுட்டுவிடும் என்று மேடையில் முழங்கியவர்கள் ஊரைத் தேவையில்லாமல் பயமுறுத்தினார்கள்.

இப்போது மலை. கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் சுரங்கம், அதற்கு வெடி, வெளியே வரும் லட்சக்கணக்கான டன் கல், அதை ஏற்றும் லாரி, வேலைக்கு வேண்டிய தண்ணீர், மதிகெட்டான் சோலைக்கும் பெரியாறுக்கும் நடுவே புலி நடக்கும் வழி. இவற்றைக் கேட்டவர்கள் அறிவிலிகள் அல்லர். கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டார்கள். புலிகளின் வழித்தடத்தைச் சொல்லித்தான் 2022இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைப் பதிவு செய்தது. 2015 ஜனவரியில் சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த நாளிலிருந்தே, ஆய்வாளர்கள் ஊர் ஊராக உட்கார்ந்து, தமிழில், தண்ணீர்க் கணக்கையும் கல் கணக்கையும் முதலில் வைத்திருக்க வேண்டும். துகளைப் பற்றிப் பாடம் எடுத்தால் போதும் என்று நினைத்தது பிழை. பொய்ப் பயமும் நியாயமான கேள்வியும் ஒரே கூட்டத்தில் நின்றன. யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. இதற்கிடையே, தேனியில் அவிழ்க்க நினைத்த ஏறக்குறைய அதே நியூட்ரினோப் புதிரை அவிழ்க்கச் சீனா கட்டிய ஜூனோ ஆய்வகம் 2025 ஆகஸ்டில் வேலையைத் தொடங்கிவிட்டது. எனக்கு இதில் வருத்தம் உண்டு, அதற்காகப் புலியின் வழியை விலைபேசவும் மாட்டேன்.

நிலாவுக்குப் போன காசில் எத்தனை பள்ளிக்கூடம் கட்டியிருக்கலாம்!
– வாசகர், வேடசந்தூர்

சந்திரயான்-3க்கு ஆன செலவு சுமார் 615 கோடி ரூபாய். 140 கோடிப் பேருக்குப் பிரித்தால் தலைக்கு நாலரை ரூபாய்கூட இல்லை. நீங்கள் இதைப் பேசும்போது குடித்த டீயைவிடக் குறைவு. பள்ளிக்கூடம் கட்டாததற்கு நிலா காரணமில்லை. அந்தத் திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்தில் பாலிடெக்னிக் டிப்ளமோ படித்துத் தொடங்கியவர். தரையிறங்கிப் பழக வேண்டிய மண், நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறையிலிருந்து போனது. பள்ளிக்கூடத்துக்காகவும் இதே வேகத்தோடு கேளுங்கள், நானும் கூட வருகிறேன்.

மகள் ரேடியாலஜி படிக்க ஆசைப்படுகிறாள். இனி எக்ஸ்ரேயைக் கம்ப்யூட்டரே பார்த்துவிடும் என்கிறார் மச்சான்.
– தாய், திண்டுக்கல்

2016இல் ஜெஃப்ரி ஹின்டனும் அதையே சொன்னார்: ஐந்தாண்டில் இயந்திரம் மிஞ்சிவிடும், ரேடியாலஜிஸ்டுகளைப் பயிற்றுவிப்பதை நிறுத்துங்கள் என்று. 2024இல் இயற்பியல் நோபல் வாங்கியவர் அவர். ஐந்தாண்டு போய், அதற்கு மேலும் போய்விட்டது. ஆஸ்பத்திரிகள் இன்னும் ரேடியாலஜிஸ்ட் தேடுகின்றன. மகள் படிக்கட்டும், அந்த இயந்திரத்தையும் சேர்த்துப் படிக்கட்டும்.

கிரகணத்தன்று தாம்பாளத் தண்ணீரில் உலக்கை தானாக நிற்கிறதே, என் கண்ணால் பார்த்தேன். இதற்கு அறிவியல் என்ன சொல்கிறது?
– வாசகி, நிலக்கோட்டை

2019 டிசம்பர் 26ஆம் தேதி காலை, திண்டுக்கல் வானத்தில் சூரியன் வளையலாக நின்றதே, அன்று பார்த்திருப்பீர்கள். உலக்கை நின்றது உண்மை. அடிப்பூண் தட்டையாக இருந்து, கை நடுங்காமல் மெல்ல விட்டால் அது நிற்கத்தான் செய்யும். சூரியனும் நிலாவும் சேர்ந்து இழுப்பதால் எடையில் வரும் மாற்றம் கோடியில் ஓரிரு பங்கு. அதே இழுப்பு ஒவ்வொரு அமாவாசையும் உண்டு. கிரகணத்தன்று மட்டும் நாம் நிறுத்திப் பார்க்கிறோம், மற்ற நாளில் மூலையில் சாத்தி வைத்துவிடுகிறோம்.

தென் தமிழகத்துக்கு அடுத்த வளையக் கிரகணம் 2031 மே 21. அதுவரை காத்திருக்க வேண்டாம். வருகிற புதன்கிழமை, பேரப்பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து, அதே தாம்பாளத்தில் அதே உலக்கையை நிறுத்திப் பாருங்கள். நின்றதா, எத்தனை முறை முயன்ற பிறகு நின்றது என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.