போகிக்குள்ள கப்பல் கெளம்போணுமுங்க

கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிப் போக வேண்டிய ஊர்க்காரர்கள் நாம். அப்படியும், ஏறத்தாழ 2000 வருடங்களுக்கு முன்னால் முசிறித் துறையில் நங்கூரம் போட்டுக் கிடந்த ரோமாபுரிக் கப்பல்காரர்களின் தூக்கம் போனதில் கொங்கு நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. பள்ளிப் புத்தகம் இதை ‘கடல் வணிகம் செழித்தது’ என்று ஒரே வரியில் முடித்துவிடும். செழித்தது வாஸ்தவம். மாலுமியின் வயிறு எரிந்ததும் வாஸ்தவமாகத்தான் இருக்க வேண்டும்.

அந்த யவனர்களின் கணக்கு காற்றுக் கணக்கு. ஜூலை வாக்கில் எகிப்தை விட்டுக் கிளம்பி, செங்கடல் வாயில் இருக்கும் ஒகேலிஸில் தென்மேற்குக் காற்றைப் பிடித்தால் 40 நாளில் முசிறி என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். திரும்புவதென்றால் டிசம்பரில், மிஞ்சிப்போனால் ஜனவரி 13-க்குள் பாயை விரித்துவிட வேண்டும். இன்றைய காலண்டரில் அது போகிக்குப் பக்கம். (அந்தக் காலத்துத் தை வேறு நாளில் பிறந்திருக்கும், பஞ்சாங்கக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.) கெடு தப்பினால் அடுத்த வருடம்தான். காற்றிடம் யார் சிபாரிசும் செல்லாது.

சொன்ன சொல் தவறாதது அந்தக் காற்று ஒன்றுதான். மற்றதெல்லாம் கடைசி நேரத்தில் மாறும்.

முதலில் துறையே மாறும். முசிறி வேண்டாம், பக்கத்தில் கடற்கொள்ளையர் இருக்கிறார்கள், கப்பலும் கரைக்கு எட்டத்தில்தான் நிற்கும், பக்கரேவுக்குப் போங்கள் என்கிறார் பிளினி. பக்கரே பக்கம் போனவர் கதையோ இன்னும் அழகு. ஆற்றின் உள்ளே நெல்கிண்டா வரை போக வேண்டும். ஆற்றில் மணல்திட்டு, பாறை. ஆகவே பாரம் ஏற்றுவதற்குக் காலிக் கப்பலைத் திரும்பவும் ஆற்றுவாய்க்கே இறக்கிக்கொண்டு வர வேண்டும். மிளகு அங்கே ஒற்றை மரத்தைக் குடைந்த ஓடத்தில் வந்து சேரும். கொள்ளையருக்குப் பயந்து கப்பலில் வில்லாளிகள் வேறு. அம்பு விட்டார்களோ இல்லையோ, மூன்று வேளையும் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்கள்.

சாப்பாடு என்றதும் ஞாபகம் வருகிறது. செங்கடல் வழிகாட்டியான ‘பெரிப்ளூஸ்’ எழுதிய பெயர் தெரியாத கிரேக்கர், இந்தத் துறைகளில் இறங்கும் சரக்கைப் பட்டியல் போடுகிறார்: காசு, பவளம், செம்பு, ஈயம், கொஞ்சம் ஒயின். கூடவே தானியம், அதுவும் கப்பல்காரர்களுக்குப் போதுமான அளவு மட்டும். உள்ளூர் வியாபாரிகள் அதைச் சீண்டுவதில்லையாம். நாலு மாதம் இங்கே கிடந்தும் ஒரு வாய் கம்பஞ்சோற்றுக்கு நாக்கு வளையாதவர்களை என்ன சொல்வது! கொண்டுவந்த மூட்டை குறையக் குறைய, வில்லாளிகளைப் பார்த்துச் சமையல்காரன் விட்ட பெருமூச்சை மட்டும் எந்தக் கிரேக்கரும் பதிவு செய்யவில்லை.

நம் ஆட்டம் இங்கேதான் ஆரம்பம். காங்கயம் பக்கத்துப் படியூரில் பச்சைக்கல் வெட்டினார்கள். நொய்யல் கரையில் கொடுமணலில் கல்லைத் தீட்டி, துளை போட்டு, மணியாக்கினார்கள். அங்கிருந்து வெள்ளலூர், கணவாய், அப்புறம்தான் கடல். கப்பல்காரன் துபாஷியோடு நின்று விரலை மடக்கிக்கொண்டிருந்த காட்சியை நான் இப்படித்தான் கற்பனை செய்கிறேன்.

“கல்லு எங்கே?”

“வந்துட்டே இருக்குதுங்க யவனரே. கணவாயில காத்து ஓவரா இருக்குது, மாடு முக்குதுங்க.”

“நேற்றும் இதையே சொன்னீர்!”

“நேத்தும் காத்து அடிச்சுதுங்களே. நாளைக்கு வெடியால பாருங்க, வந்துரும். நோம்பி முடிச்சுட்டுப் போலாமுங்க, என்ன அவசரம்?”

அவசரம் என்னவென்று வியன்னாவில் இருக்கும் ஒரு பாப்பிரஸ் சொல்லும். கி.பி. இரண்டாம் நூற்றாண்டுக் கடன் பத்திரம் அது. முசிறியிலிருந்து போன ‘ஹெர்மபொல்லோன்’ கப்பலின் தந்தமும் சடாமாஞ்சிலும் அதில் கணக்கில் இருக்கின்றன. கரை சேர்ந்த சரக்கை ஒட்டகத்தில் ஏற்ற வேண்டும், காவல் போட வேண்டும், நாலில் ஒரு பங்கை வரியாக அழ வேண்டும். தவணை தப்பினால் சரக்கு கடன் கொடுத்தவனுக்கு. “மாடு முக்குச்சுங்க” என்று அலெக்சாந்திரியாவில் போய்ச் சொல்ல முடியுமா?

கல் வந்ததும் அடுத்த பஞ்சாயத்து காசில். ரோமாபுரியின் நீரோ மன்னன் கி.பி. 64-ல் தெனாரியஸ் காசில் வெள்ளியைக் குறைத்தான். வெள்ளலூரில் 1842-ல் கிடைத்த புதையலைப் பாருங்கள்: 500-க்கும் மேல் வெள்ளிக்காசு, பெரும்பாலும் அகஸ்டஸும் டைபீரியஸும், அதாவது நீரோ கைவைப்பதற்கு முந்திய சரக்கு. மட்டமான காசை நம்மாட்கள் தொடவில்லை என்றுதான் வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். “இந்த மூஞ்சி வேண்டாமுங்க, பழைய மூஞ்சி இருந்தாக் குடுங்க” என்று பாய் விரிக்கும் நேரத்தில் ஒரு குரல் வந்திருந்தால், அந்தக் கப்பல்காரனின் பொங்கல் எப்படி இருந்திருக்கும்!

அவ்வளவு கறாரான நம்மவர்கள் கொடுத்த கல் எப்படி? இந்தியர்கள் படிகத்துக்குச் சாயமேற்றிப் போலிக்கல் செய்கிறார்கள், முக்கியமாகப் பச்சைக்கல் என்று புகார் படித்திருப்பதும் அதே பிளினிதான். ஊரைக் குறிப்பிடவில்லை, புண்ணியவான். கொடுமணலில் தோண்டியபோது படிகம் ஏராளமாகக் கிடைத்தது என்பதை நானும் பெரிதுபடுத்தப் போவதில்லை. ஆனால் போகி அவசரத்தில், பாதி வெளிச்சத்தில், கல்லைச் சூரியனுக்கு நேரே தூக்கிப் பார்க்க எந்த யவனருக்கு நேரம் இருந்திருக்கும்? ஊருக்குப் போய்க் கண்டுபிடித்தாலும் சட்டையைப் பிடிக்க ஜூலைக் காற்றுக்குக் காத்திருந்துதான் வர வேண்டும். வந்தாலும், “அது எங்க பங்காளி கல்லுங்க, நம்முளுது இல்லீங்க.”