கருவளையம் கண்ட சாச்சி

தோப்பூரில் கலியாண வீட்டுக்கு வருகிற பெண்பிள்ளை எத்தனை பவுண் நகை போட்டிருந்தாலும், சாச்சியின் பார்வை முதலில் விழுவது கண்ணுக்குக் கீழேதான். "என்ன மகள், இப்பிடிக் கறுத்துப் போய்க் கிடக்கு? நித்திரை கொள்றல்லயா?" கேள்வி ஒன்றுதான், கிளைகள் பல. இரவிரவாக ஃபோனா? கத்தாரில் இருக்கிற மாப்பிள்ளை காசு அனுப்புறல்லயா? மாமியோடு சரிவரவில்லையா? சாச்சி தோலைப் பார்க்கவில்லை, சேதி தேடுகிறார் என்பதே என் கட்சி. பெரும்போக வேளாண்மைக்கு இரவெல்லாம் யானைக் காவல் இருந்துவிட்டு வரும் காக்காவின் கண்ணோ, கொட்டியாரக் குடாவில் விடிய விடிய வலை இழுத்தவரின் கண்ணோ எவ்வளவு கறுத்திருந்தாலும் அவர் வாய் திறப்பதில்லை. காரணம் ஊருக்கே தெரியும். தெரிந்த காரணத்தில் என்ன ருசி? சஹருக்கு எழும்பி ஊரே கண் கறுத்துத் திரியும் நோன்பு மாதத்திலும் அப்படித்தான். பெருநாள் கழிந்த பிறகே விசாரணை மறுபடி தொடங்கும்.

பாவம், அக்கறையில் கேட்கிறவரை இப்படிச் சொல்லலாமா என்பீர்கள். நித்திரை குறைந்தால் தோல் வெளிறி அடியிலுள்ள இரத்தக்குழாய் நீலமாய்த் தெரியும். அந்தளவில் சாச்சி சொல்வது மெய். ஆனால் பரம்பரையாகச் சேரும் நிறமி, ஒவ்வாமையில் ஓயாமல் கண் கசக்குவது, வயதோடு கண்ணடியில் விழும் பள்ளத்தின் நிழல் என்று காரணங்கள் வேறும் உண்டு. உம்மாவிடமிருந்து வந்த கறுப்பை, சாச்சி கண்ணில் வைக்கச் சொல்லும் வெள்ளரிக்காய் என்ன செய்யும்? அதன் குளிர்ச்சியில் இரத்தக்குழாய் சுருங்கி வீக்கம் சற்று வற்றும், அவ்வளவே. குளிர்ந்த கரண்டியும் அதைச் செய்யும்; பிறகு அதே கரண்டியால் ஆணமும் அள்ளலாம். இதுவரை தீங்கில்லை. லேபிள் இல்லாத கிரீம் டப்பி ஒன்று சாச்சியின் பையிலிருந்து வெளிவரும்போதுதான் எழுந்து ஓட வேண்டும். வெள்ளையாக்கும் கிரீம்கள் பலவற்றில் பாதரசம் அகப்பட்டிருக்கிறது. நிறமி உண்டாவதைத் தடுப்பதும் அதுதான், சிறுநீரகத்தைக் கெடுப்பதும் அதுதான். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையின் நாடுகள் 2023இல் கூடி, 2025க்குப் பிறகு அழகுப் பொருள்களில் பாதரசமே ஆகாதென்று முடிவெடுத்தன. சாச்சியின் டப்பிக்கு அந்தச் சேதி இன்னும் எட்டவில்லை. ஊரில் அவரைத் தாண்டிப் போன ஒரே சேதி இதுவாகத்தான் இருக்கும்.

கருவளையத்தைப் பூசி மறைப்பது ஏமாற்று என்றும் சிலர் வாதாடுவர். யாரை ஏமாற்ற? மாப்பிள்ளைக்கும் உம்மாவுக்கும் அந்தக் கண் மனப்பாடம். கன்சீலர் பூசுவது சாச்சியின் கேள்விக்குத் தப்பத்தான்; ஒருவர் வீட்டு விவகாரத்தைப் பந்தலுக்குக் கொண்டுவராமலிருக்க ஒரு விரல் பூச்சு போதுமென்றால் அது மலிவுதான். பூசுவதிலும் கணக்குண்டு. நீலக் கறுப்பை அடக்குவது செம்மஞ்சள் சாயல். அதை முதலில் மெல்லத் தட்டிவிட்டு, மேலே தன் நிறத்துக்கு ஒத்ததைப் பூச வேண்டும். வெள்ளைதான் அழகென்று இரண்டு படி வெளிறியதை நேரே அப்பினால் கண்ணடி சாம்பல் பூத்துவிடும். அப்போது சாச்சி பிரியாணி சஹனிலிருந்து கையை எடுத்துவிட்டு நிமிர்வார்: "என்ன மகள், எதையோ மறைக்கிறாப்போல கிடக்கு?"