சூப்புக்கு ஒரு தொப்பி

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வந்த மச்சாள் டின் சூப்பைக் கோப்பையில் ஊற்றினார், மேலே பேஸ்ட்ரி மூடி போட்டுச் சுட்டார், நட்சத்திர ஹோட்டல் சாப்பாடு மாதிரிக் கொண்டுவந்து வைத்தார். இது சமையலா, கண்கட்டு வித்தையா?
– கப்பல்துறை வாசகி

பதில்: இரண்டும்தான். ஆனால் இந்த வித்தையை உலகறியச் செய்தவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. 1975 பெப்ரவரி 25 அன்று பிரான்ஸ் ஜனாதிபதி வலேரி ஜிஸ்கார் தெஸ்தான், சமையல்காரர் போல் பொக்கூஸுக்கு நாட்டின் உயர் விருதை வழங்கினார். அன்றைய எலிசே மாளிகை விருந்தில் விருது வாங்கியவரே கரண்டியும் பிடித்தார். கறுப்பு ட்ரஃபிள் போட்ட சூப்பைக் கோப்பைகளில் ஊற்றி, ஒவ்வொன்றின் வாயையும் பேஸ்ட்ரியால் அடைத்துச் சுட்டுப் பரிமாறினார். சூப்புக்கும் ஜனாதிபதியின் முதலெழுத்துகளே பெயராயின: வி.ஜி.இ.

பொக்கூஸ் மூடிக்குக் கீழே வைத்தது ட்ரஃபிள். மச்சாள் வைத்தது டின். மூடி பாகுபாடு பார்க்காது. இரண்டையும் ஒரே பொன்னிறத்தில்தான் மறைக்கும்.

கேள்வி: சூப்பை டின்னில் அடைக்கும் யோசனை யாருக்கு வந்தது?
– உப்புவெளி வாசகர்

பதில்: கடற்படைகளின் பசிக்கு வந்தது. உணவைச் சூடாக்கி, காற்றுப் புகாமல் அடைக்கும் முறைக்காக பிரெஞ்சு அரசு நிக்கலா அப்பேருக்கு 12,000 பிராங்க் கொடுத்தது. அவர் பயன்படுத்தியது கண்ணாடிப் போத்தல். தகரப்பேணிக்கு 1810இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றவர் பீட்டர் டுராண்ட். 1813இல் லண்டன் தொழிற்சாலை ஒன்றிலிருந்து பிரித்தானியக் கடற்படைக்குப் பேணிகள் போகத் தொடங்கின. 1795 முதல் 1957 வரை திருகோணமலைத் துறைமுகத்தைக் கையில் வைத்திருந்தார்களே, அதே வெள்ளைக்காரர்கள்தான். ஒரு சங்கடம்: பேணி வந்துவிட்டது, அதைத் திறக்கும் கருவி வர 1850கள் ஆகின. அதுவரை உளியும் சுத்தியலும்.

இன்று கடையில் காணும் கெட்டிச் சூப், அமெரிக்காவின் கேம்பல் கம்பனியில் வேலை பார்த்த ரசாயனவியலாளர் ஜோன் டொரன்ஸின் கைவண்ணம். 1897இல் அவர் சூப்பிலிருந்த தண்ணீரில் பாதியளவைக் குறைத்தார். பேணி சிறுத்தது, ஏற்றுகூலி இறங்கியது, ஒரு டின் 10 சதத்துக்கு விற்றது. தண்ணீரை வெளியே எடுத்து லாபம் பார்த்த மனிதர், நம்மூர்ப் பால்காரருக்கு நேர் எதிர்.

கேள்வி: மாவால் வாயடைப்பது நம் ஆட்களுக்குப் புதிதா என்ன?
– கிண்ணியா வாசகர்

பதில்: இல்லை. தம் பிரியாணிச் சட்டியின் மூடியைச் சுற்றி மா ஒட்டுவதும் ஆவியையும் வாசத்தையும் உள்ளே பிடித்து வைக்கத்தான். அந்த மாவைப் பிய்த்து எறிவோம். இந்த மாவை முதலில் தின்போம்.

கேள்வி: நான் செய்தால் மூடி சொதசொதவென்று சூப்புக்குள் விழுந்துவிடுகிறது. என்ன பிழை?
– நிலாவெளி வாசகி

பதில்: பெரும்பாலும் அவசரம். பேஸ்ட்ரி என்பது மாவும் கொழுப்பும் மாறிமாறி அடுக்கிய தாள்கள். மூன்றாக மடித்துத் தேய்ப்பதை ஆறு தடவை செய்தால் கொழுப்பு அடுக்கு 729 ஆகிறது. சூடு பட்டதும் மாவிலுள்ள ஈரம் ஆவியாகி ஒவ்வொரு தாளையும் மேலே தள்ளும். கொழுப்பு அதற்கு முன்பே உருகிவிட்டால் அடுக்கும் இல்லை, எழுச்சியும் இல்லை. கொதிக்கும் சூப்பின்மேல் தாளைப் போர்த்தினால் நடப்பது இதுதான்.

ஆகவே சூப்பை நன்றாக ஆறவிடுங்கள். டின்னில் சரிக்குச் சரி தண்ணீர் சேர்க்கச் சொல்லியிருந்தால் பாதி மட்டும் சேருங்கள். கெட்டியான சூப்பே இதற்குத் தோது. கோப்பையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம். தாள் சூப்பைத் தொடக்கூடாது. தாளைக் கோப்பையின் வாயைவிட அகலமான வட்டமாக வெட்டி, விளிம்பின் வெளிப்புறத்தில் அடித்த முட்டை பூசி, மேளத்துக்குத் தோல் கட்டுவதுபோல் இழுத்து ஒட்டுங்கள். 200 பாகை சூட்டில் 20 முதல் 25 நிமிடம். பாதியில் போறணைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தால் கோபுரம் குந்திவிடும்.

இன்னொரு எதிரி நம் வெயில். பட்டர் 32 முதல் 35 பாகைக்குள் உருகிவிடும். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் நம் குசினி அதைத் தாண்டிவிடும். பேக்கரிக்காரர் பேஸ்ட்ரிக்கென்றே செய்த, கூடுதல் சூட்டில் உருகும் மாஜரினைப் போடுவது இதனால்தான். ருசியில் பட்டருக்கு ஈடில்லை, உண்மை. ஆனால் விடியற்காலையில் எழும்பி மா தேய்க்க மனமில்லாதவர்கள் மாஜரினைக் குறை சொல்ல வேண்டாம்.

கேள்வி: ரசத்துக்கு இந்தத் தொப்பி போடலாமா?
– பாலையூற்று வாசகர்

பதில்: வேண்டாம். ரசத்தை உறிஞ்சிக் குடிக்க வேண்டும், கிண்டித் தேட அதில் ஒன்றுமில்லை. ஆனால் அதன் சீமை உறவான முல்லிகட்டானி சூப்புக்குப் பொருந்தும். நம் மிளகுத்தண்ணீரை மதராஸ் வெள்ளைக்கார வீடுகள் இறைச்சி போட்டுத் தடிப்பாக்கியது அது. பிரித்தானியாவில் டின்னிலும் விற்றது.

கேள்வி: டின் சூப் உடம்புக்கு ஆகுமா?
– தம்பலகாமம் வாசகி

பதில்: எப்போதாவது ஒருநாள் ஆகும். உப்பைத்தான் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவருக்கு நாளொன்றுக்குச் சொல்லும் சோடியம் 2,000 மில்லிகிராமுக்குக் கீழே. கெட்டிக் கோழிச் சூப்பில் அரைக் கோப்பையிலேயே 800 மில்லிகிராமுக்கு மேல் இருப்பது சாதாரணம். மூடியிலும் உப்பு உண்டு. கையில் உப்புப் போத்தலை எடுக்காதீர்கள். மிளகும் தேசிக்காய்ப் புளியும் போதும்.

கேள்வி: இறக்குமதி டின்னின் விலையைப் பார்த்தால் மயக்கம் வருகிறது. ஏழைக்கு வழி உண்டா?
– மூதூர் வாசகி

பதில்: உண்டு, அதுவே நல்ல வழியும்கூட. இந்தப் பண்டத்தில் காசு போகவேண்டிய இடம் மூடி, டின் அல்ல. மூடிக்கு வேண்டியது கோதுமை மா. கப்பல்துறைக்குக் கிட்டச் சீனக்குடாவில் 1980 முதல் பிரிமா ஆலை ஓடுகிறது. இலங்கையில் விளையாத கோதுமை இந்தத் துறைமுகத்தில் இறங்கி, கரையிலேயே மாவாகிறது. ஒருகாலத்தில் இதே மாவை 'அமெரிக்கன் மா' என்று அவித்துப் பிட்டாக்கிச் சாப்பிட்ட ஊர் நம்முடையது.

கீழே ஊற்ற 425 கிராம் மீன் டின் ஒன்று போதும். இரண்டு உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டு வதக்கி, ஒரு கரண்டி மாவை அதிலேயே வறுத்து, தண்ணீர் விட்டு வேகவையுங்கள். தண்ணீர் இறுத்த மீனை உதிர்த்துப் போட்டு, மிளகு தூவி, கடைசியாகக் கொஞ்சம் பால். நாலு கோப்பை வரும். பச்சை மீன் கிடைத்தால் தலையையும் முள்ளையும் அவித்த தண்ணீரில் செய்யுங்கள். எந்தச் சீமை டின்னும் அதற்குக் கிட்ட வராது.

பேஸ்ட்ரி போடும் பேக்கரியில் காலையிலேயே சொல்லிவைத்து, சுடாத தாள் கிடைக்குமா என்று கேளுங்கள். வீட்டில் போறணை இல்லையென்றால், நத்தார் கேக்கைக் கொண்டுபோய்ச் சுட்டெடுப்பதுபோல் கோப்பைகளையும் அங்கேயே கொடுக்கலாம். ஒன்று மட்டும்: பிரிட்ஜிலிருந்து எடுத்த கண்ணாடிக் கோப்பையை நேரே சூட்டில் வைக்காதீர்கள், வெடித்துவிடும்.