வேண்டாஞ்சாமி

வேண்டாஞ்சாமிக்கு என்ன வேண்டும் என்பது யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது. என்ன வேண்டாம் என்று கேட்டுவிட்டால் மட்டும் உட்கார நாற்காலி தேடிக்கொள்ள வேண்டும். ஊருக்கு இரண்டு பேராவது இந்த இனத்தில் இருப்பார்கள். எனக்குப் பழக்கம் திருக்கடையூர்ப் பதிப்பு. முப்பதைத் தொடப்போகும் வயது, கோயில் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் வரவேற்பு மேசை வேலை. பெற்றோர் வைத்த பெயர் ஆதார் அட்டையில் பத்திரமாக இருக்கிறது.

தொழிலும் அவருக்குத் தோதாக வாய்த்தது. அறுபதுக்கு சஷ்டியப்தபூர்த்தி, எழுபதுக்கு பீமரத சாந்தி, எண்பதுக்கு சதாபிஷேகம் என்று அமிர்தகடேசுவரர் சன்னதிக்கு நாள்தோறும் வயதான மாப்பிள்ளைகள் வந்திறங்கும் ஊர். அறை கேட்டு போன் வரும்.

"தம்பி, மாடி ரூம் வேண்டாம், அப்பாவுக்கு முழங்கால். ஜெனரேட்டர் பக்கம் வேண்டாம். சாப்பாட்டுல பூண்டு வேண்டாம். பெரிய சித்தப்பா ரூமுக்குப் பக்கத்துல சின்ன சித்தப்பாவுக்குப் போட்டுடாதீங்க, அது வேண்டவே வேண்டாம்."

"சரிங்க மாமா. வேற என்ன வேணும்?"

"வேணுங்கிறதெல்லாம் நீங்களே பாத்துச் செய்யுங்க தம்பி."

இதையே வருஷக்கணக்கில் கேட்டவர் எப்படி இருப்பார்? வேண்டுவதைப் பிறர் பார்த்துக்கொள்வார்கள், வேண்டாததைத்தான் நாம் சொல்ல வேண்டும் என்பது அவருடைய வாழ்க்கைத் தத்துவம் ஆகிவிட்டது. பெண் பார்க்கும் படலமும் இதே வழியில்தான் நடக்கிறது. ஆறு மாவட்டங்கள் கழிந்துவிட்டன. 2020-இல் மயிலாடுதுறை தனி மாவட்டமானபோது கழிப்பதற்கு இன்னொன்று கிடைத்ததென்று அவர் மகிழ்ந்ததாகக் கேள்வி.

இரவு பதினொரு மணிக்கு மேல் மேசைக் கணினியில் ஸ்டீம் கடையைத் திறப்பார். ஸ்டீம் தெரியாதவர்களுக்கு: கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கான மாபெரும் இணையக் கடை, வால்வ் என்ற அமெரிக்க நிறுவனம் 2003-இல் தொடங்கியது. 2024-இல் மட்டும் 18,000-க்கு மேல் புது விளையாட்டுகள் அங்கே இறங்கின. ஒவ்வொன்றின் மேலும் திகில், சமையல், பந்தயம் என்று டேக் ஒட்டியிருக்கும். தேடும்போது ஒரு டேக்கை வேண்டுமென்றும் சொல்லலாம், கழித்தல் குறியை அழுத்தி வேண்டாமென்றும் சொல்லலாம். நம் ஆளின் மவுஸில் அந்தக் கழித்தல் குறிக்குப் போகும் பாதை மட்டும் தேய்ந்திருக்கிறது.

ஜாம்பி வேண்டாம். ("ராத்திரி தனியா சைக்கிள்ல வீட்டுக்குப் போவணும்ணே.") ஆன்லைன் சண்டை வேண்டாம். ("காத்தடிச்சா நெட்டு போயிடும், தோத்தது நானுன்னு கணக்கெழுதுவான்.") இலவச விளையாட்டு வேண்டாம். ("சும்மான்னு கூப்புட்டு உள்ள தொப்பி விக்கிறானுவ.") விவசாய விளையாட்டு வேண்டவே வேண்டாம். ஜூன் 12-இல் மேட்டூர் திறக்குமா, கடைமடைக்குத் தண்ணீர் எட்டுமா என்ற கவலையை அப்பா பட்டது போதாதா, காசு கொடுத்து வாங்கி அதைத் தானும் பட வேண்டுமா என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். ஒரு மணிக்குப் பட்டியலில் மூன்று மிஞ்சும். அதில் ஒன்றைப் படத்தைப் பார்த்தே தள்ளுவார். மற்ற இரண்டையும் நாளைக்கு யோசிக்கலாமென்று படுத்துவிடுவார். விடியற்காலை நாலு மணிக்கு நாதஸ்வரம் எழுப்பிவிடும். அவர் விளையாடி நான் பார்த்ததில்லை.

சிரித்தாலும் நான் அவர் கட்சி. கழித்தல் குறி வேண்டாம், எல்லாவற்றையும் காட்டுங்கள், பிடிக்காததைத் தாண்டிப் போகட்டும் என்று வாதிடுபவர்கள் உண்டு. தாண்டிப் போவதற்கும் ஒரு தடவை பார்த்தாக வேண்டுமே! மடியில் பேத்தியை வைத்துக்கொண்டு புதிர் விளையாட்டு தேடுபவர், வழியில் பத்து வெட்டுப்பட்ட தலைகளைத் தாண்ட வேண்டியிருக்கிறது. நம் பந்தியில் இலைக்கு மேல் கையை விரித்தால் பரிமாறுபவர் வாளியோடு நகர்ந்துவிடுகிறார். பாயசத்தை அவமதித்துவிட்டதாக அவர் வழக்குப் போடுவதில்லை. இத்தனை கணினி மூளை வைத்திருக்கும் கடைக்கு அந்தச் சைகை புரியாதா என்ன?

புரியும். சிலவற்றுக்குப் புரிய மனமில்லை. கைபேசியில் சும்மா ஒரு பந்து விளையாட்டு ஆடியவர்களுக்குக்கூட நடுவே ரம்மி விளம்பரம் வந்து சீட்டை விசிறியது நினைவிருக்கும். "எனக்கு ரம்மி வேண்டாம்" என்று ஒருமுறை சொல்லிவிட்டுப் போக ஒரு பொத்தான் இருந்ததா? கடைசியில் தமிழ்நாடு 2022-இல் சட்டம் இயற்றியது, வழக்கு நடந்தது, 2025 ஆகஸ்டில் மத்திய அரசே பண விளையாட்டுகளுக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. ஆளுக்கொரு கழித்தல் குறி கொடுக்காத இடத்தில் அரசாங்கம் ஒரே பெரிய கழித்தல் குறியாகப் போட்டுவிட்டது.

ஆனால் வேண்டாஞ்சாமியிடம் எனக்கு ஒரு சண்டை உண்டு. டேக்கை ஒட்டுவது யார்? 2014 பிப்ரவரியிலிருந்து ஸ்டீமில் வாடிக்கையாளர்களே ஒட்டலாம். யாரோ ஒருவர் கண்ணுக்கு எப்படிப் பட்டதோ அது டேக். அதை நம்பி மொத்தமாகக் கழித்தால் என்ன ஆகும்? சமையல் வேண்டாம் என்று அவர் வைத்திருக்கிறார். ("ஊரே சமையக்கட்டு வாசனைண்ணே, இங்கேயுமா?") அந்த ஒரு அழுத்தில் 'வெண்பா' காணாமல் போயிற்று. டொராண்டோவில் விசை கேம்ஸ் என்ற சிறு குழு செய்து 2023 ஜூலையில் வெளியிட்ட விளையாட்டு அது. 1980-களில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்ப் பெண், அம்மாவின் கிழிந்துபோன சமையல் புத்தகத்தை வைத்துக்கொண்டு இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்று தடுமாறுகிறாள். மகன் வளர வளரத் தமிழிலிருந்து விலகிப் போகிறான். 2024-இல் பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருது வாங்கியது. உலகமெல்லாம் முன்பின் தெரியாதவர்கள் ஆடித் தீர்த்த அந்தத் தமிழ்க் கதை, திருக்கடையூர் லாட்ஜ் மேசைக்கு மட்டும் வந்து சேரவில்லை.

"உங்க ஊர்க் கதை தெரியாதா தம்பி?" என்றேன். மார்க்கண்டேயனுக்குப் பதினாறு வயது, எமன் பாசக்கயிற்றை வீசுகிறான், அது லிங்கத்தின் மேலும் விழுகிறது, சுவாமி எமனை உதைத்துத் தள்ளுகிறார். எமனே கழிந்தான்! பிறகு நடந்ததைத்தான் பலர் சொல்வதில்லை. சாவு நின்றதும் உயிர்களின் பாரம் தாங்காமல் பூமாதேவி போய் முறையிட, எமனைத் திருப்பி எழுப்ப வேண்டியதாயிற்று. கடவுள் போட்ட கழித்தல் குறியையே ஒருநாள் எடுக்க வேண்டி வந்தது.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "எமன்னு ஒரு டேக் இருக்காண்ணே?" என்று கேட்டுவிட்டுத் தேடத் தொடங்கினார், கழிப்பதற்காக.

ஆகவே கடைக்காரர்களுக்கு: கழித்தல் குறியைக் கொடுங்கள், தயங்காமல் கொடுங்கள். ஸ்டீமின் தேடல் பக்கம் 'உங்கள் விருப்பப்படி இத்தனை விளையாட்டுகள் நீக்கப்பட்டுள்ளன' என்று ஒரு வரி காட்டுகிறதே, அதையும் சேர்த்தே கொடுங்கள், கொஞ்சம் பெரிய எழுத்தில். வேண்டாஞ்சாமிகளுக்கு: அந்த வரியை மாதம் ஒருமுறையாவது படியுங்கள். அடுத்த தள்ளுபடி விற்பனையின்போது சமையலை மட்டும் ஒரு நாள் உள்ளே விடுங்கள்.