432-ஆம் நம்பர் சுருதி

ஏலே பேராண்டி, செல்போன வச்சுக்கிட்டு தம்புராவ என்ன சோதிக்கே? கம்பி 432-ல நிக்குதான்னு பாக்கியோ? 440-ன்னா மனசுக்கு ஆகாதாம், 432-ன்னா பிரபஞ்சமே கூடச் சேந்து பாடுமாம். யாருலே சொன்னது? பிரபஞ்சம் நேர்ல வந்து சொல்லிச்சா?

கணக்கக் கேட்டுக்கோ. கம்பி விநாடிக்கு 432 தடவ ஆடுது, அம்புட்டுத்தான் அந்த நம்பர். விநாடிய வகுத்தது யாரு? மனுசப் பய. உன் பூட்டன் விநாழிகையில எண்ணுவான். அதுக்கு 24 விநாடி. அவன்கிட்டக் கேட்டா, அதே சத்தத்துக்கு 10,368-ன்னு சொல்லுவான். இப்ப எங்கலே போச்சு உன் மந்திர நம்பர்?

440 மட்டும் வானத்துலேருந்தா விழுந்துச்சு? 1859-ல பிரான்சு சர்க்காரு 435-ன்னு சட்டம் போட்டுச்சு. 1939-ல லண்டன்ல கூடிப் பேசி 440-ன்னு வச்சாவ. அவுகளுக்கு அது வேணும், அம்பது பேரு ஒண்ணாச் சேந்து வாசிக்கணும்லா. நமக்கு என்னத்துக்கு? ஆம்பளைக்கு ஒரு கட்ட, பொம்பளைக்கு அஞ்சு கட்ட. தொண்ட எங்க நிக்கோ அங்கனதான் சட்சம்.

தம்புராவுல மந்தரக் கம்பிய மீட்டிட்டுச் சும்மா இரு. யாரும் பாடாமலே உள்ளுக்குள்ள ஒரு காந்தாரம் கேக்கும். அது ஆர்மோனியக் காந்தாரத்தவிட ஒரு இழை கீழ நிக்கும். ஏன்னா ஆர்மோனியத்துல பன்னெண்டு சுரத்தையும் ஒரே அளவாக் கூறு போட்டு வச்சிருக்கான். உன் செல்போனு படிச்சதும் அதே கணக்குத்தான். அதனால, தம்புரா தானாப் பாடுத காந்தாரத்தையே தப்புன்னு காட்டும்! சிரிப்பு வரலியா உனக்கு? 1940-ல ரேடியோக்காரங்க ஆர்மோனியத்த வாசலோட நிறுத்துனாவ, 1971 வரைக்கும் உள்ள விடல. அதோட பேரப்பிள்ளைய நீ சட்டப்பையில வச்சுத் தாலாட்டுத.

நம்பரு சரியா நின்னும் தம்புரா செத்துக் கிடக்கும், தெரியுமா? குதிரைக்கு மேல, கம்பிக்கு அடியில ஒரு நூலு இருக்கு பாரு. சீவன்னு சொல்லுவாவ. அத எள்ளளவு முன்னப்பின்ன நவத்தணும். அப்பத்தான் ரீங்காரம் எழும்பும். அதுக்கு உன் செல்போன்ல எந்தப் பொத்தான அமுக்குவ?

கோயில் கொடைக்கு வா, காட்டுதேன். பனி எறங்கிச்சுன்னா பறத்தோலு தொங்கிப்போவும். நாலு சருகக் கூட்டித் தீயில காட்டுவாவ. தட்டிப் பாப்பாவ. இன்னும் கொஞ்சம் காட்டுவாவ. எத்தன டிகிரின்னு எவனும் கேக்கமாட்டான். நாயனக்காரரு சீவாளியக் கொத்தாத் தொங்கவிட்டிருப்பாரு. ஒண்ண மாட்டி ஊதுவாரு. ஒத்தோட சேரலன்னா அடுத்தது. அதுலயும் சேரலன்னா அடியில இருக்க ஓட்டையில மெழுகு அடைப்பாரு. உடுக்கைக்காரன் இவுக எல்லாரையும் முழுங்கின ஆளு. அடிக்கும்போதே நடுக்கயித்த அமுக்கிச் சத்தத்த ஏத்தி எறக்குவான். அது ஒரு எடத்துல நிக்கவே நிக்காது. சாமியாடிக்கு அருள் வாரது அதுலதான். உன் செல்போனக் கொண்டுபோயி அவன் பக்கத்துல வச்சுப் பாரேன், பாவம், முள்ளு எந்தப் பக்கம் ஓடுததுன்னு தெரியாமத் தத்தளிக்கும்.

அத அணைச்சு வைலே. பிருடையத் திருவு, மணிய மேல கீழ நவத்து, அர மணி நேரம் காதக் குடுத்து உக்காரு. அதுக்கப்புறமும் 432-தான் வேணும்னு நின்னா, அத விக்கித பயலுக்கே துட்டக் குடுத்துட்டு வா. நான் தடுக்கல.