73939133: ஓர் எலியியல் நோக்கு

ஏழு கோடியே முப்பத்தொன்பது இலட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து நூற்று முப்பத்து மூன்று என்னும் எண்ணை எங்கள் தெருவில் இதுவரை எவரும் முறையாக ஆராயவில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை எழுந்தது.

குணம்: பகா எண். நிறம்: எழுதிய பேனாவைப் பொறுத்தது. இவ்விரண்டும் முன்னோர் கண்டவையே, விடுப்போம்.

இலக்கணம் பற்றிச் சிறிது. பெயரில் முப்பத்தொன்பது இருமுறை வருவதால் இதனை இரட்டைக்கிளவி என்பர் ஒரு சாரார். பொருந்தாது. இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது. 39-ஐப் பிரித்தாலோ 3 என்றும் 13 என்றும் தருகிறது. நடுவில் 'இலட்சத்து' புகுந்துவிட்டதால் அடுக்குத்தொடரும் அன்று. பின் என்னதான் என்று கேட்போர் அடுத்த கருத்தரங்கிற்குப் பதிவுக் கட்டணம் கட்டுக.

இனி எலி. கணக்கு நோட்டின் வல ஓரத்தை எலி கடிக்கும் என்பது யாவரும் அறிந்தது (எங்கள் வீட்டுப் பால் கணக்கு நோட்டு, பக்கம் 4). முதல் இரவு கடைசி 3 போனால் மிஞ்சுவது 7393913. அதுவும் பகா எண். மறுநாள் இன்னொரு 3 போகிறது; 739391, பகா எண். பிறகு 73939, 7393, 739, 73, 7. எந்த விடியலில் பார்த்தாலும் மிச்சம் பகா எண்ணே. வாலிழந்தும் குலமிழக்காத இத்தகைய எண்கள் மொத்தமே 83. அவற்றுள் எட்டு இலக்கத்தார் ஐவர். ஐவரில் பெரியவர் நம்மவர். ஒன்பது இலக்கத்தில் ஒருவரும் இல்லை. நம்மவரின் வாலை நீட்டிப் பார்த்தாலும் பயனில்லை. இரட்டைப்படை இலக்கமோ 5-ஓ ஒட்டினால் கதை அங்கேயே முடிந்தது. 1, 7 ஒட்டினால் மூன்றால் வகுபடும். 3, 9 ஒட்டினாலும் பகு எண்தான்; அதைக் காட்டுவதற்குத்தான் கொஞ்சம் வியர்க்கும்.

இடப்பக்க எலியின் மரபு வேறு. அது முதல் 7-ஐத் தின்றால் 3939133 நிற்கும். அதைப் பதினொன்றால் வகுத்தால் மீதியின்றி 358103. எனவே நம் எண் வலப்பக்க எலிக்கே உரியது என்பது என் துணிபு (மேற்படி நோட்டு, பின்னட்டை, காபிக் கறைக்குத் தெற்கே இரண்டாம் வரி, அது சுக்குக் காபிக் கறை என மறுப்போர் உளர், அவர்க்கு விடை என் வெளிவராத நூலின் முன்னுரையில் உள்ளது, அம்முன்னுரையும் எலிவாய்ப்பட்டது). இடப்பக்க எலிகளுக்கென்றே 357686312646216567629137 என்று 24 இலக்கத்தில் ஒன்று இருக்கிறது. அது பெரிய இடத்து எலிகளின் விவகாரம்.

ஒப்பீடு: முனைவர் பட்ட ஆய்வேடுகள் சிலவும் இவ்வினமே. முடிவுரையைக் கடித்தாலும் பொருள் குறையாது. ஐந்தாம் இயல், நான்காம் இயல் எனக் கடித்துக்கொண்டே வந்து தலைப்பு மட்டும் மிஞ்சினாலும் குறையாது. தலைப்பையும் கடித்தால் சற்றுக் கூடும் என்கிறார் மாடிவீட்டுக்காரர். அவர் நெறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

கடைசியாகக் கள ஆய்வு. எண்ணை ஒரு தாளில் எழுதி, அதன்மேல் மசால் வடை வைத்துப் பரணில் விட்டேன். காலையில் வடை இல்லை. எட்டு இலக்கமும் அப்படியே இருந்தன. எண்ணெய் மட்டும் கடைசி 3 வரை பரவியிருந்தது. கடையில் வாங்கிய வடை இரண்டு என்பதும், தாளில் வைத்தது ஒன்று என்பதும் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.