வாழ்க்கைத் துணையும் வரவேற்பு போனஸும்: ஓர் ஆய்வு

அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களைப் பற்றிய ஆய்வுகளுக்குப் பஞ்சமில்லை. விசாவில் அவர்கள் படும் பாடு ஆராயப்பட்டுவிட்டது, வீட்டுக்கடன் ஆராயப்பட்டுவிட்டது, பிள்ளைகளுக்குத் தமிழ் வருமா வராதா என்பது கருத்தரங்குக்குக் கருத்தரங்கு ஆராயப்படுகிறது. ஆனால் பிள்ளைகள் தூங்கியபின் டைனிங் டேபிளில் இரண்டு லேப்டாப்பை எதிரெதிரே திறந்துவைத்துக்கொண்டு, கணவனும் மனைவியும் முறைவைத்துக் கிரெடிட் கார்டுக்கு விண்ணப்பிக்கும் சடங்கை எந்த அறிஞரும் தொடவில்லை. அறிஞர்களும் அந்நேரம் அதே வேலையில் இருந்திருக்கலாம் என்பது என் ஐயம்.

முதலில் ஆய்வுப்பொருளை வரையறுத்துக்கொள்வோம். அமெரிக்க வங்கிகள் புதிதாகக் கார்டு வாங்குபவருக்கு வரவேற்பு போனஸ் தருகின்றன: மூன்று மாதத்துக்குள் 4,000 டாலர் செலவழி, 60,000 பாயிண்ட் எடுத்துக்கொள் என்கிற மாதிரி. அரிசியும் பருப்பும் வாங்கி டாலருக்கு ஒரு பாயிண்டாகச் சேர்த்தால், 60,000 பாயிண்டுக்கு 60,000 டாலர் செலவழித்தாக வேண்டும். ஆகவே விவரமறிந்தோர் ஒரே கார்டைத் தேய்த்துக்கொண்டிருப்பதில்லை. போனஸ் விழுந்ததும் அதை டிராயரில் போட்டுவிட்டு அடுத்ததை வாங்குகிறார்கள். இதற்கு வங்கிகள் போட்ட தடை, ஒரு கார்டின் போனஸ் ஓர் ஆளுக்கு ஒருமுறைதான், அல்லது பல ஆண்டுக்கு ஒருமுறைதான் என்பது. இந்தத் தடைக்கு மனிதகுலம் கண்ட மாற்று, திருமணம். முதலில் பித்துப் பிடித்தவருக்குப் ‘பிளேயர் ஒன்’ என்றும் அவருடைய துணைக்குப் ‘பிளேயர் டூ’ என்றும் இத்துறையில் பெயர். வீடியோ கேமிலிருந்து வந்த வழக்கு. பிளேயர் டூ மனைவியாகத்தான் இருக்க வேண்டும் என்று விதியில்லை. ஆட்டம் நடப்பது யாருக்குத் தாமதமாகத் தெரியவருகிறதோ அவரே பிளேயர் டூ.

இனி, இது அகமா புறமா என்ற கேள்வி. இருவருக்கு மட்டுமே தெரிந்த செயல், இரவில் நடப்பது, உறவினரிடம் சொல்லக் கூச்சப்படுவது என்று அகத்திணைக்கு வேண்டிய லட்சணமெல்லாம் பொருந்துகிறது. ஆனால் அகத்தில் தலைவன், தலைவி எவர் பெயரையும் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பிய மரபு. நெடுநல்வாடையில் வேலில் வேம்பு சூட்டியிருப்பது பாண்டியனைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது என்பதற்காகவே, பிரிவில் வாடும் அரசியைப் பாடிய அந்தப் பாட்டைப் புறம் என்றார் நச்சினார்க்கினியர். ஒரு வேப்பந்தழைக்கே இந்தக் கதி. பெயர், பிறந்த தேதி, ஒன்பது இலக்க சோஷியல் செக்யூரிட்டி எண், ஆண்டு வருமானம் என்று அத்தனையையும் தட்டிவிட்டுத் தலைவி ‘சப்மிட்’ அழுத்துவதை எதில் சேர்ப்பது? ஐயத்துக்கிடமின்றிப் புறம். வீட்டுக்குள் இருவரும் ஒருவர். வங்கிக்கு முன்னால் தனித்தனி ஆள். இத்துறையின் லாபம் முழுவதும் இந்த இடைவெளியிலிருந்துதான் வருகிறது.

அந்த இடைவெளி தானாக வந்ததல்ல, சட்டம் போட்டு வந்தது. 1958 செப்டம்பரில் பேங்க் ஆஃப் அமெரிக்கா, கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரத்தில் ஏறத்தாழ 60,000 பேருக்கு, அவர்கள் கேட்காமலே கார்டை அஞ்சலில் அனுப்பிவைத்தது. அப்படிக் கார்டை வாரி இறைத்த நாட்டில், மணமான பெண் தன் பெயரில் ஒரு கார்டு கேட்டால் கணவன் கையெழுத்தை வாங்கி வரச் சொல்வது வழக்கமாக இருந்தது. 1974இல் வந்த சமக் கடன் வாய்ப்புச் சட்டம், பாலினத்தையோ மணநிலையையோ காட்டிக் கடன் மறுக்கக் கூடாது என்றது. பெண்கள் போராடிப் பெற்ற இவ்வுரிமையை, ஒரே கார்டின் போனஸை ஒரே வீட்டில் இரண்டு முறை வாங்கும் உரிமை என்று விரித்துப் பொருள்கொண்டது பிற்கால உரையாசிரியர்களின் திறமை.

நடுவில் ஓர் இடையூறு வந்தது. 2009ஆம் ஆண்டுக் கார்டு சட்டத்தை ஒட்டி 2011இல் வந்த விதி, விண்ணப்பிப்பவரின் தனி வருமானத்தையே பார்க்கச் சொன்னது. வேலைக்குப் போகாத இல்லத்தரசிகள் ஒரே நாளில் மீண்டும் 1974க்கு முன்னால் போய் நின்றார்கள். கூச்சல் எழுந்து, 2013இல் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு அதைத் திருத்தியது: 21 வயது நிரம்பியவர், தன் கைக்கு எட்டும் குடும்ப வருமானத்தையும் காட்டலாம். எச்-4 என்னும் துணைவர் விசாவில் வந்து வீட்டிலிருக்கும் நம் பெண்களுக்கு இது பெரிய திறப்பு. வேலை அனுமதி இல்லாவிட்டால் சோஷியல் செக்யூரிட்டி எண் கிடையாதுதான். ஆனால் வரித்தாக்கலுக்கு வாங்கும் ஐடிஐஎன் எண்ணை வைத்தே கார்டு தரும் வங்கிகள் இருக்கின்றன. வேலை செய்ய விடாத நாடு கடன் வாங்க விடுகிறது. இதன் தத்துவத்தை வேறு துறையார் ஆராயட்டும்.

இப்போது கணக்கு. ஒரு கார்டுக்கு 60,000 பாயிண்ட் போனஸ், இன்னொருவரைச் சேர்த்துவிட்டால் 10,000 ரெஃபரல் என்று வைத்துக்கொள்வோம். கணவன் ஒரு கார்டு வாங்கி, மனைவியை அதிலேயே ‘ஆதரைஸ்டு யூசர்’ ஆக, அதாவது துணைக்கார்டுக்காரியாகச் சேர்க்கிறான். 4,000 டாலர் செலவுக்கான பாயிண்டோடு சேர்த்து வீட்டுக்கு வருவது 64,000. பக்கத்து வீட்டுக்காரன் தான் மட்டும் வாங்கி, போனஸ் விழுந்தபின் மனைவிக்கு ரெஃபரல் லிங்க் அனுப்புகிறான். அவள் தன் பெயரில் தனியே வாங்குகிறாள். இரண்டு 64,000, ஒரு 10,000, ஆக 1,38,000. ஆண்டுக் கட்டணம் இரண்டு, செலவழிக்க வேண்டியது இரு மடங்கு என்பதெல்லாம் உண்மைதான். ஆனாலும் ஒருவருக்கொருவர் அறிமுகமில்லாத இருவர் தனித்தனியே வாங்கினால் வருவது 1,28,000தான். மிச்சம் 10,000. திருமணம் என்னும் நிறுவனத்தின் நிகர மதிப்பை இவ்வளவு துல்லியமாக அளந்து சொன்ன ஆய்வு இதற்கு முன் இல்லை. (அந்தப் பத்தாயிரத்துக்கு வரி உண்டு. ரெஃபரல் போனஸை வங்கிகள் வருமானமாகக் கணக்குக் காட்டி 1099 படிவம் அனுப்புவதுண்டு.)

முதல் வீட்டுக்காரன் செய்த பிழை வெறும் 74,000 பாயிண்டோடு போவதல்ல. சேஸ் வங்கிக்கு ஒரு பழக்கம்: எந்த வங்கிக் கார்டானாலும் சரி, கடந்த 24 மாதத்தில் ஐந்து புதுக் கார்டு உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டில் ஏறியிருந்தால் ஆறாவது கேட்டு வரும் உங்களைத் திருப்பி அனுப்பிவிடும். விளம்பரத்தில் இது இருக்காது. நிராகரிப்புக் கடிதங்களைக் கூட்டிப் பார்த்து ஜனங்களே கண்டுபிடித்து ‘ஃபைவ் ட்வென்ட்டிஃபோர்’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள். ஆதரைஸ்டு யூசர் கார்டும் மனைவியின் ரிப்போர்ட்டில் ஏறி, அந்த ஐந்தில் ஒன்றை விழுங்கிவிடும். அன்பினால் சேர்த்தேன் என்று வங்கியிடம் வாதாட வேண்டிவரும். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வேறு வகை. அங்கே ஒரு கார்டின் போனஸ் பொதுவாக வாழ்நாளில் ஒருமுறை. ஆகவே சேஸில் ஐந்துக்குள் முடித்துவிட்டுப் பிறகு மற்ற வங்கிகளுக்குப் போவது மரபு. சேஸ், ஒரே வீட்டில் வாழும் ஒருவருக்குப் பாயிண்டை மாற்றிக்கொடுக்க விடும். அமெரிக்கன் எக்ஸ்பிரஸில் கணவன் கணக்கிலிருந்து மனைவி கணக்குக்குப் பாயிண்ட் நகராது.

4,000 டாலரைச் செலவழிக்கும் கலை தனி நூலுக்குரியது. காருக்கு ஆறு மாத இன்சூரன்ஸ், டே-கேர் கட்டணம், இந்தியாவுக்கு டிக்கெட் என்று பெரிய செலவு வரும் மாதத்துக்குத் தோதாக விண்ணப்பத்தை வைப்பது முதல் பாடம். வருமான வரியையே கார்டில் கட்டுவோரும் உண்டு; அதற்கான கட்டணம் இரண்டு விழுக்காட்டுக்குள்தான் வருகிறது, போனஸுக்கு முன் அது தூசு. சமூக விளைவுகளும் உள்ளன. ஓட்டலில் பில் வரும்போது கை கழுவப் போய்விடும் நண்பர், திடீரென்று ஒரு சனிக்கிழமை எட்டுப் பேர் பில்லையும் பாய்ந்து பிடுங்குகிறார் என்றால் அவர் திருந்திவிட்டார் என்று பொருளல்ல. அவருக்குப் புதுக் கார்டு வந்திருக்கிறது. வீடு போய்ச் சேர்வதற்குள் தலைக்கு இவ்வளவு என்று ஸெல் (Zelle) வழியாகப் பணம் கேட்டுச் செய்தி வரும்.

இக்கலை எந்த எல்லை வரை போகும் என்பதற்கு நீதிமன்றச் சான்றே இருக்கிறது. 2021 பிப்ரவரியில் அமெரிக்க வரி நீதிமன்றம் தீர்ப்பளித்த அனிகீவ் வழக்கு. கணவனும் மனைவியும் 2009இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸின் புளூ கேஷ் கார்டு வாங்கினார்கள். ஆளுக்கொன்று, துணைக்கார்டு அல்ல என்பதைக் கவனிக்க. ஆண்டில் 6,500 டாலர் செலவழித்தபின் மளிகைக்கடையிலும் மருந்துக்கடையிலும் வாங்குவதற்கெல்லாம் ஐந்து விழுக்காடு திரும்ப வரும் கார்டு அது. இருவரும் மளிகைக்கடையில் மளிகை வாங்கவில்லை, விசா கிஃப்ட் கார்டு வாங்கினார்கள். கிஃப்ட் கார்டைக் கொடுத்து மணியார்டர் வாங்கினார்கள். மணியார்டரை வங்கியில் போட்டு, அந்தப் பணத்தாலேயே கார்டு பில்லைக் கட்டினார்கள். கட்டிவிட்டு மறுபடி மளிகைக்கடை. 2013, 2014 ஆகிய இரண்டு ஆண்டில் இப்படிச் சுழன்ற தொகை 60 லட்சம் டாலருக்கு மேல். கார்டிலிருந்து திரும்ப வந்தது மூன்று லட்சம் டாலருக்கு மேல். வரித்துறை இதை வருமானம் என்றது. நீதிமன்றமோ, கிஃப்ட் கார்டு ஒரு பொருள், அதை வாங்கியதற்குத் திரும்ப வந்தது விலைத் தள்ளுபடி, தள்ளுபடிக்கு வரி இல்லை என்றது. நேரடியாகக் கார்டில் வாங்கிய மணியார்டருக்கும் ரொக்கம் ஏற்றும் கார்டுக்கும் கிடைத்த பகுதிக்கு மட்டும் வரி போட்டது. தம்பதியர் பெரும்பகுதி வென்றார்கள். இவர்களுக்கு முன்பு அரசாங்கத்தின் நாணயச்சாலையே மாட்டிக்கொண்டது வேறு கதை: ஒரு டாலர் நாணயத்தை முகமதிப்புக்கே, அஞ்சல் செலவுமின்றி வீட்டுக்கு அனுப்பியது. ஆட்டக்காரர்கள் அதைப் பெட்டி பெட்டியாகக் கார்டில் வாங்கி, பிரிக்காமலே வங்கியில் கட்டி மைல் சேர்த்தார்கள். 2011 ஜூலையில் நாணயச்சாலை இதற்குக் கார்டை ஏற்பதையே நிறுத்தியது.

வென்ற கதைகள் பிளேயர் ஒன் எழுதுபவை. பிளேயர் டூ தரப்பில் ஆவணங்கள் குறைவு. 1999இல் கலிஃபோர்னியப் பொறியாளர் டேவிட் ஃபிலிப்ஸ், ஓர் உணவு நிறுவனத்தின் மைலேஜ் சலுகைக்காக 12,150 கோப்பை புட்டிங் வாங்கி 12 லட்சத்துக்கும் மேல் மைல் சேர்த்ததை உலகம் அறியும். கோப்பைகளிலிருந்து ஒட்டுத்தாளைக் கிழித்துக் கிழித்து அவர் மனைவியின் விரல் கொப்பளித்துப் போனதாக அந்தக் கதையின் ஓரத்தில் ஒரு செய்தி உண்டு. இன்றைய பிளேயர் டூவுக்கு விரல் கொப்பளிப்பதில்லை. மீட்டிங் நடுவே போன் வருகிறது.

“ஒரு ஓடிபி வந்திருக்கும், சீக்கிரம் சொல்லு.”

“இது எந்த கார்டுங்க? போன வாரம்தானே ஒண்ணு வந்துச்சு?”

“அது ஹோட்டலுக்கு. இது ஃபிளைட்டுக்கு. சொல்லும்மா, டைம் அவுட் ஆயிடும்.”

உரையாசிரியர்கள் ஊடலை மருதத்தில் வைத்தார்கள், பரத்தையைக் காரணம் சொன்னார்கள். இங்கே காரணம் எக்ஸெல் தாள். எந்தக் கார்டு எப்போது வாங்கியது, ஆண்டுக் கட்டணம் எப்போது விழும், எதை எந்தத் தேதிக்குள் மூட வேண்டும் என்று பதினான்கு நெடுவரிசையில் வண்ணம் தீட்டி வைத்திருக்கும் தலைவனுக்குத் திருமண நாள் மட்டும் அதில் ஏறவில்லை.

இருவரும் தனித்தனியே சேர்க்க வேண்டும் என்ற பொதுவிதிக்கு ஒரு புறனடையும் சொல்ல வேண்டும். சவுத்வெஸ்ட் விமான நிறுவனத்தில், ஒருவர் ஒரே காலண்டர் ஆண்டில் 1,35,000 பாயிண்ட் ஈட்டினால் கம்பானியன் பாஸ் கிடைக்கும். அந்த ஆண்டின் மிச்சமும் அடுத்த ஆண்டு முழுவதும் துணைக்கு வரி மட்டும் கட்டினால் போதும். கார்டு போனஸும் இதில் சேரும். கணவனும் மனைவியும் சமத்துவம் பேசி ஆளுக்கு 70,000 சேர்த்தால் கூட்டுத்தொகை 1,40,000, பாஸ் பூஜ்யம். ஒருவர் மட்டும் சேர்க்க வேண்டும், அதுவும் ஜனவரியில் போனஸ் விழுமாறு. விவரம் தெரிந்த வீடுகளில் இரண்டாண்டுக்கு ஒருவர் என்று முறைவைத்துக்கொள்கிறார்கள். ஆனால் சவுத்வெஸ்ட் சென்னைக்குப் பறப்பதில்லை. சென்னைக்கு வேண்டியது பாயிண்டை ஏவியோஸ் என்னும் விமான மைலாக மாற்றித் தோஹா வழியாகவோ லண்டன் வழியாகவோ போகும் டிக்கெட். கோடை விடுமுறையில் பாயிண்டுக்கு ஒரு சீட் கிடைக்கும், அதிர்ஷ்டமிருந்தால் இரண்டு. இரண்டு பிள்ளைகளும் இருப்பதை விமான நிறுவனங்கள் எதிர்பார்க்கவில்லை.

ஆய்வாளன் என்ற முறையில் ஒன்றை மறைக்க முடியாது. இந்தப் பாயிண்டெல்லாம் வங்கியின் பெருந்தன்மை அல்ல. ஒவ்வொரு முறை கார்டு தேய்க்கும்போதும் கடைக்காரர் ஒரு பங்கை இழக்கிறார். அதை விலையில் ஏற்றுகிறார். ரொக்கம் கொடுத்து வாங்குபவரும் அந்த விலையையே கொடுக்கிறார். டெபிட் கார்டில் பெரிய வங்கிகள் வாங்கும் பங்கைச் சட்டம் 2011இல் கட்டுப்படுத்தியது. டெபிட் கார்டு பாயிண்ட் பெரும்பாலும் அதோடு போயிற்று. இன்னொரு ஊற்று வட்டி. 2016இல் சேஸ் 1,00,000 பாயிண்ட் போனஸோடு சஃபையர் ரிசர்வ் கார்டை விட்டபோது, உலோக அட்டையே தீர்ந்துபோகும் அளவுக்குக் கூட்டம் மொய்த்தது. அதனால் அவ்வாண்டின் கடைசிக் காலாண்டு லாபம் 20 முதல் 30 கோடி டாலர் வரை குறையும் என்று தலைமை நிர்வாகி ஜேமி டைமனே சொன்னார். வங்கி அஞ்சவில்லை. வந்தவர்களில் ஒரு பகுதியினர் பில்லை முழுதாகக் கட்டமாட்டார்கள் என்பது அதற்குத் தெரியும்.

இரண்டு பேர், எட்டுக் கார்டு, எட்டுக் கடைசித் தேதி. ஒன்று தவறினாலும் 20 விழுக்காட்டுக்கு மேல் வட்டி. திருமணத்தின் நிகர மதிப்பான அந்த 10,000 பாயிண்ட் ஒரே மாதத்தில் கரைந்துவிடும். ஆகவே இத்துறையில் இறங்குவோருக்கு வேண்டுகோள்: முதல் கார்டுக்கு விண்ணப்பிக்கும் முன், அந்த எக்ஸெல் தாளின் பாஸ்வேர்டைத் துணையிடம் கொடுத்துவிடுங்கள். கார்டு கையில் கிடைத்த அன்றே, இருவர் கணக்கிலும் ஆட்டோபே போட்டுவிடுங்கள். ‘மினிமம் ட்யூ’ என்ற கட்டத்தில் அல்ல, ‘ஸ்டேட்மெண்ட் பேலன்ஸ்’ என்ற கட்டத்தில்.